றோய் அளந்த குழல்

மரியோ குண்டு வாங்கும் முறையை நினைத்தாலே றோய்க்கு எரிச்சல் வரும். தகரப் பேணியின் மூடியில் என்ன படம் போட்டிருக்கிறது என்று பார்ப்பான். காட்டுப்பன்றி என்றால் ஒரு பேணி. கரடி என்றால் இரண்டு பேணி. உள்ளே இருக்கும் ஈயக் குண்டு என்ன தடிப்பு, எவ்வளவு நீளம், பின்பக்கம் குழியா தட்டையா, தன்னுடைய துவக்கின் குழலுக்கு அது பொருந்துமா என்ற கேள்வி எதுவும் அவனுக்கு வருவதில்லை. வீடு விற்கிறவன் குண்டு வாங்கினால் அப்படித்தான் வாங்குவான் என்பது றோயின் கட்சி.

மரியோ வேறு யாருமல்ல, றோயின் மனைவி நிரோஷினியின் தம்பி. அஜக்ஸ் நகரில் வீடு வாங்கி விற்றுக் கொடுக்கும் ஏஜென்ற். ஸ்காபரோவில் மூன்று பஸ் தரிப்பிட வாங்கில்களின் சாய்வில் அவனுடைய சிரித்த முகம் விளம்பரமாக ஒட்டியிருக்கிறது. றோயிடம் கார் இருக்கிறது, பஸ் எடுக்கும் தேவை அவனுக்கு இல்லை. ஆனாலும் வருடத்தில் ஓரிரு தடவை அந்த வாங்கில்களில் ஒன்றைத் தேடிப் போய், மைத்துனனின் பல்வரிசையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து ஒரு கோப்பி குடித்துவிட்டு வருவான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பதினொரு தமிழர் அஜக்ஸுக்கு வடக்கே, சோளக் காணிகளுக்கு நடுவில் இருக்கும் சுடுதிடலில் கூடுவார்கள். எல்லாம் பெரிய துளைக் காற்றுத் துவக்குகள். வெடிமருந்து கிடையாது, சிலிண்டரில் அடைத்த காற்றுத்தான் குண்டைத் தள்ளும். ஆனாலும் குண்டு சுண்டுவிரல் தடிப்பு என்பதால் லைசன்ஸ், பூட்டு, பெட்டி என்று எல்லா மரியாதையும் அதற்கு உண்டு. சுடுகிற ஆட்களுக்குத்தான் எந்த மரியாதையும் கொடுக்க முடியாது என்று றோய் நினைத்தான். அதிலும் கீதன். கார் ஓட்டப் பழக்குகிற மாஸ்ரர். ஒவ்வொரு குண்டையும் துவக்கில் வைக்க முதல் நாக்கால் ஒரு தடவை தடவுவான். வழுக்கிக்கொண்டு போகுமாம்.

"ஈயமடா அது, லொலிபொப் இல்லை," என்று றோய் எட்டு வருடமாகச் சொல்கிறான்.

"புள்ளி மட்டும் குறையேல்லைத்தானே அண்ணை," என்று கீதன் எட்டு வருடமாக நக்குகிறான்.

றோய் தன்னையும் விட்டுவைக்கிறவன் அல்ல. வயது ஐம்பத்துமூன்று. அச்சுகள் செய்யும் பட்டறையொன்றில் இருபத்தாறு வருடமாக ரூல்மேக்கர், கருவிகள் கடைகிறவன். கராஜில் கடைசல் இயந்திரம் நிற்பதால் கார் பனியில் நிற்கிறது. கலியாணத்துக்கு முதல் நிரோஷினியின் மோதிர விரலை நகைக்கடைக்காரனிடம் விடாமல் தானே கலிப்பரால் அளந்தவன். விரலின் அடியில் மிகத் துல்லியமாக அளந்தான். மோதிரம் மூட்டைத் தாண்டி இறங்கவில்லை. பூசை நடுவில், பாதர் பார்த்துக்கொண்டிருக்க, விரலில் பூச வெண்ணெய் தேடிப் போனார்கள். இப்படிப்பட்ட ஒருவன் மற்றவர்களை இளக்காரமாகப் பார்ப்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சல் அவனிடம் தாராளமாக இருந்தது.

அவனுடைய இளக்காரத்துக்குத் தப்பிய ஒரே ஆள் அருள்நாயகம் அண்ணை. எழுபத்துநான்கு வயது. சென் ஜேம்ஸ் ரவுணில் இருபது வருடம் கட்டடக் காவலாளியாக இருந்து பென்சன் எடுத்தவர். இப்போது மகள் நதீஷாவோடு அஜக்ஸில். அவர் தப்பியதற்குக் காரணம் அவருடைய சூடு மட்டுமல்ல. றோய் ஊரையெல்லாம் ஏளனம் செய்தான், அண்ணை றோயை ஏளனம் செய்தார். அந்த உயரத்தில் நிற்கிறவரை அவனால் மதிக்காமல் இருக்க முடியவில்லை.

மாசியில் அண்ணையின் வலது கை நடுங்கத் தொடங்கியது. முதலில் தேத்தண்ணி தளம்பியது. பிறகு ஒருநாள் பருப்புச் சட்டியோடு சேர்த்துக் கை விட்டுவிட்டது. சமையலறை நிலம் முழுக்கப் பருப்பு. நதீஷா அன்றைக்கே சொல்லிவிட்டாள், கீழ்த்தளத்தில் இருக்கும் துவக்கு வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று. சிறுபிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிற வீடு. அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அண்ணை மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தார். நான்காம் நாள் தகப்பனும் மகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். வைகாசியில் ஒரு ஞாயிறு, ஐம்பது மீற்றர் தூரத்தில், ஐந்து சூடு. ஐந்து துளையையும் கோப்பிக் கப் மூடி ஒன்றால் மறைக்க முடிந்தால் துவக்கு அவருடையது. முடியாவிட்டால் விற்பது. வாங்குவதற்கு மரியோ தயாராக நின்றான்.

மரியோவின் கைக்கு அந்தத் துவக்கு போவதை றோயால் கற்பனை செய்ய முடியவில்லை. அருமையான துவக்கு அது, துளை அளவு நாற்பத்தைந்து. றோயே அண்ணையிடம் போய்க் கேட்டான்.

"அண்ணை, உந்தக் கடைக் குண்டுகளை எறியுங்கோ. உங்கட குழலுக்கெண்டு நான் செய்து தாறன்."

"ஏன், கடைக்காரன் விசரனோ?"

"கடைக்காரன் எல்லாருக்கும் செய்யிறான். நான் உங்களுக்குச் செய்யிறன்."

"எல்லாருக்கும் செய்யிறவனுக்குப் பிழைச்சா எல்லாரும் அடிப்பாங்கள். உனக்குப் பிழைச்சா நான் ஒருத்தன்தான் அடிக்கலாம்," என்றார் அண்ணை. ஆனாலும் துவக்கைக் கொடுத்தார்.

கராஜில் றோய் முறைப்படி வேலையைத் தொடங்கினான். துவக்குச் செய்கிறவர்கள் எழுதி வைக்கிற அளவை நம்பக்கூடாது. மென்மையான ஈயக் கட்டி ஒன்றுக்கு எண்ணெய் பூசி, குழலின் பின்பக்கத்தால் வைத்து, தடியால் தள்ளி மறுபக்கம் எடுக்க வேண்டும். வெளியே வருகிற கட்டியில் குழலின் உள்வரிகள் அப்படியே பதிந்திருக்கும். அதை அளந்தால் குழலின் அளவு. தடி முதலில் வெண்ணெய்க்குள் போவதுபோலப் போனது. கடைசி இரண்டு அங்குலத்தில் இறுகியது. றோய் ஒரு கணம் நின்றான். 'எண்ணெய் காணாது' என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு மரச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினான். கட்டி துணியில் விழுந்தது. மைக்ரோமீற்றரில் பிடித்தான். கடைக் குண்டைவிட இரண்டு தலைமயிர்த் தடிப்புக் குறைவு.

அவனுக்கு அன்றைக்கு வந்த சந்தோசத்தை நிரோஷினி அவனுடைய இரண்டு பிள்ளைகள் பிறந்தபோதும் கண்டதில்லை. "எட்டு வருசமா எல்லாரும் தடிச்ச குண்டு போட்டுச் சுட்டிருக்கிறாங்கள் நிரோ! அளந்து பாக்க ஒருத்தனுக்கும் அறிவில்லை!"

மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில், பட்டறையில் அச்சு வெட்டினான். கடைக் குண்டுகள் இடுப்பு ஒடுங்கி, பின்பக்கம் குழிந்து, பாவாடை விரித்த மாதிரி இருக்கும். அது றோய்க்குப் பிடிக்காது, ஒரு குண்டுக்கு எதற்கு இடுப்பு? அவனுடைய குண்டு நேரான உருளை. பின்பக்கம் தட்டை. ஈயத்தோடு வெள்ளீயம் கலந்து நன்றாக இறுக்கினான். வெள்ளிக்கிழமை அறுபது குண்டு, ஒன்றுபோல, கண்ணாடிபோல வந்தன.

"சுட்டுப் பாத்தியோ?" என்று அண்ணை போனில் கேட்டார்.

"அளந்ததைச் சுட்டுப் பாக்கத் தேவையில்லை அண்ணை. சுட்டுப் பாக்கிறது அளக்கத் தெரியாதவன்ர வேலை."

இந்த வசனத்தை அவன் கீதனுக்கும் சொன்னான். மரியோவுக்கும் சொன்னான். பட்டறையில் பக்கத்து மெசினில் நிற்கும் போலந்துக்காரனுக்குக்கூட மொழிபெயர்த்துச் சொன்னான்.

ஞாயிறு வந்தது. காற்றில்லாத நல்ல வெயில். நதீஷா பல் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள், அதனால் மூடியைக்கூடக் கழுவித் துடைத்து ஒரு சின்னப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். மரியோ ஒரு வெறும் துவக்குப் பெட்டியோடு வந்திருந்தான். பார்க்க, செத்த வீட்டுக்கு முன்கூட்டியே வந்து நிற்கும் பெட்டிக்காரன் மாதிரி இருந்தது.

"பெட்டியைக் காருக்குள்ள வைக்கத் தெரியாதோ உனக்கு?" என்றான் றோய்.

"வெயில் அத்தான். உள்ளுக்க இருக்கிற ஸ்பொஞ் உருகும்."

அண்ணை மேசையில் உட்கார்ந்தார். துவக்கின் முன்பகுதியை மணல் மூட்டையில் வைத்தார். றோயின் குண்டு ஒன்றை எடுத்து உள்ளே வைத்தார். அது அவர் விரலால் தள்ளமுன்னமே வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"லேசாப் போகுது," என்றார்.

"அதுதான் அளவு," என்றான் றோய். சுற்றி நின்றவர்களை ஒரு தடவை பார்த்தான். கீதன் கையிலிருந்த தன் குண்டைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

இரண்டு சூடு பழக்கத்துக்கு. அவை எங்கே போயின என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. பிறகு ஐந்து. ஒவ்வொரு தடவையும் அண்ணை மூச்சை இழுத்து, பாதியை விட்டு, மீதியைப் பிடித்தார். வலது கை மேசையில் வரும்வரை நடுங்கியது. துவக்கைத் தொட்டதும் நின்றது. ஆனால் தூரக்கண்ணாடியில் இலக்கைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்த கீதன் மூன்றாம் சூட்டோடு நிறுத்திக்கொண்டான். ஐந்தாவதுக்குப் பிறகு கண்ணாடியை மூடி வைத்தான்.

"தவறிட்டுதோ?" என்று அண்ணை கேட்டார்.

கீதன் கண்ணாடியின் வாரைச் சுற்றத் தொடங்கினான்.

"கைதான்," என்றார் அவர். தன்னுடைய கையை, வேறு யாரோ மறந்து விட்டுப்போன சாமான் போல, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி. கை போயிட்டுது. நதி சொன்னது சரி. மரியோ, பெட்டியைக் கொண்டாரும்."

நதீஷா பையிலிருந்து மூடியை எடுக்கவே இல்லை. "அப்பா, ஐ ஆம் சொறி," என்று மட்டும் சொன்னாள். முகத்தைத் துடைத்தாள்.

திடலில் எல்லோரும் துவக்குகளை வைத்துவிட்டதற்கு மணி அடித்தது. இலக்குக் கடதாசியை எடுத்துவர றோய் போனான். ஐம்பது மீற்றரையும் மனதுக்குள் கிழவரைத் திட்டிக்கொண்டே நடந்தான். இப்படி ஒரு குண்டைக் கொடுத்தும் அடிக்க முடியாத கை, துவக்கை வைத்திருந்துதான் என்ன?

கடதாசியைக் கண்டதும் நின்றுவிட்டான்.

நடுங்குகிற கையின் சூடு பக்கவாட்டில் சிதற வேண்டும். விசையை இழுக்கிற விரல் இடத்துக்கோ வலத்துக்கோ இழுத்துவிடும். இந்த ஐந்து துளையும் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இருந்தன. ஒரு சேட்டின் பொத்தான்கள் மாதிரி. பக்கவாட்டில் இரண்டு விரலுக்கு மேல் விலகவில்லை. மேலும் கீழும் ஒரு முழம். கை அசையவில்லை. குண்டு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு வேகத்தில் போயிருக்கிறது. வேகம் குறைந்தது கீழே விழுந்திருக்கிறது, கூடியது மேலே ஏறியிருக்கிறது. வேகம் ஏன் மாறும்? காற்று ஒழுகினால் மாறும். காற்று எங்கே ஒழுகும்? குண்டுக்கும் குழலுக்கும் நடுவில். ஒன்றுபோல, கண்ணாடிபோல அவன் வார்த்த குண்டுக்கும் அண்ணையின் குழலுக்கும் நடுவில்.

அந்தக் கடைசி இரண்டு அங்குலம் இப்போது அவனுடைய உள்ளங்கையில் இறுகியது.

நல்ல காற்றுத் துவக்குக் குழலை வாயருகே வேண்டுமென்றே சற்று ஒடுக்கி வைப்பார்கள். உள்ளே முழுக்க அகலம், வாயில் மட்டும் ஒடுக்கம். குண்டு அகலத்தை நிறைத்துக்கொண்டு வந்து, கடைசியில் ஒரு பிடி பிடிபட்டு, ஒழுங்காக வெளியேற வேண்டும். தடியால் முழுத் தூரமும் தள்ளினால் வெளியே வருகிற கட்டி அந்த ஒடுக்கத்தின் அளவோடுதான் வரும். அதை அளந்து, அதுதான் முழுக் குழலின் அளவு என்று குண்டு செய்தவன் ஓர் எருமை. அந்தப் பாவாடைக் குண்டு என்றால் மென்மையான ஈயம், பின்பக்கக் குழிக்குள் காற்று அடித்ததும் விரிந்து ஓட்டையை அடைத்திருக்கும். இவன் அந்தப் பாவாடையையும் வெட்டி, விரியவே முடியாதபடி வெள்ளீயமும் கலந்தவன். இருபத்தாறு வருடம் ரூல்மேக்கர்.

திரும்பி நடக்கும்போது ஐம்பது மீற்றர் நீளமாகத்தான் இருந்தது. ஒன்றும் சொல்லத் தேவையில்லை என்று ஒரு குரல் அவனுக்குள் சொன்னது. கிழவரே கை என்று ஒத்துக்கொண்டுவிட்டார். மகளுக்கு நிம்மதி. மரியோவுக்குத் துவக்கு. கடதாசியை வாசிக்கத் தெரிந்தவன் இங்கே வேறு ஒருத்தனும் இல்லை, அதையும் எட்டு வருடமாகச் சொல்லி வந்தவன் அவன்தான். அந்தக் குரல் நல்ல தெளிவாக, படித்த குரலாக இருந்தது. தன்னுடைய குரலேதான் என்று அடையாளம் கண்டபோது றோய்க்குத் துப்ப வேண்டும்போல் வந்தது.

மரியோ பெட்டியைத் திறந்து வைத்திருந்தான். அண்ணை துவக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, துவக்கை இங்க தாங்கோ," என்றான் றோய். காற்று முழுவதையும் வெளியேற்றினான். பின்பக்கத்தைத் திறந்தான். குழலின் வாய் நிலத்தைப் பார்க்க, துவக்கை நிமிர்த்திப் பிடித்தான். "எல்லாரும் இங்க பாருங்கோ. கீதன், நீ முன்னுக்கு வா."

தன்னுடைய குண்டு ஒன்றை எடுத்து மேலே வைத்து விட்டுவிட்டான். அது, கிணற்றில் விழுந்த கல் போல, குழலுக்குள் சறுக்கிக்கொண்டு போனது. கடைசியில் டக் என்று நின்றது. வாயிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே.

"விளங்குதோ?"

"இல்லை," என்றான் கீதன்.

"குண்டு சின்னன். வாயில மட்டும்தான் குழல் ஒடுக்கம். நான் அந்த ஒடுக்கத்தை அளந்துபோட்டு முழுக் குழலும் அவ்வளவுதான் எண்டு செய்துபோட்டன். காத்தெல்லாம் பக்கத்தால போகுது." கடதாசியை மேசையில் விரித்தான். "உந்தத் துளையளைப் பார் நதீஷா. மேலயும் கீழயும்தான். பக்கத்தில இல்லை. அப்பாவின்ர கை ஆடேல்லை, பிள்ளை. என்ர மண்டைதான் ஆடினது."

அருள்நாயகம் அண்ணை தொடங்கினார். அவர் சொன்னதில் முதல் ஐந்து வசனங்களை எழுத முடியாது. ஆறாவதிலிருந்து எழுதலாம்.

"...எட்டு வருசமா எங்களுக்குப் பாடம் எடுத்தாய்! உந்தப் பெடியன் நக்கினா பிழை, மரியோ படம் பாத்தா பிழை! உன்ர குண்டைவிட உவன்ர எச்சில் திறமடா! நான் என்ர கையை வெட்டி எறியலாமோ எண்டு யோசிச்சன், நாயே!"

"ஓம் அண்ணை," என்றான் றோய்.

"ஓமாம்! ஓம் எண்டு சொல்ல மட்டும் அளவு தெரியுது!"

கீதன் சிரிப்பை அடக்க முடியாமல் காருக்குப் பின்னால் போனான். அங்கிருந்தும் கேட்டது. நதீஷா மட்டும் கடதாசியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அங்கிள், இது உண்மையோ? அப்பா பாவம் எண்டு சொல்லேல்லைத்தானே?"

"பிள்ளை, பாவம் பாத்து நான் ஒருத்தருக்கும் ஒண்டும் செய்தது கிடையாது. உன்ர அப்பாவைக் கேள்."

"அது உண்மை," என்றார் அண்ணை.

"அப்ப ஒருக்கா. வன் மோர். ஆனா சரியான குண்டு வேணும்."

சரியான குண்டு என்று சொன்னதும் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நாற்பத்தைந்துக் குண்டு அன்றைக்குக் கொண்டுவந்திருந்தவன் ஒருத்தன்தான். துவக்கு கிடைத்த கையோடு சுட்டுப் பார்க்கலாம் என்ற ஆசையில் கொண்டுவந்திருந்தான். மரியோ தன் வெறும் பெட்டியைப் பார்த்தான். துவக்கைப் பார்த்தான். பிறகு காருக்குப் போய் ஒரு பேணியை எடுத்துவந்து அண்ணையின் முன்னால் வைத்தான். மூடியில் கரடி.

"உதோட சுட்டா துவக்கு உனக்கு வராதடா," என்றான் றோய், மெதுவாக.

"தெரியும் அத்தான். எனக்கு வேற வாங்கலாம். அவருக்கு வேற கை வாங்கேலுமே?"

இந்த மாதிரி ஒரு வசனத்தைப் பேச மரியோவுக்கு எந்த உரிமையும் இல்லை என்று றோய் நினைத்தான். பத்து வருடத்து வெறுப்பை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இப்படிப் பழுதாக்கக்கூடாது.

முதலில் தடியால் தன் குண்டைக் குழலிலிருந்து தள்ளி எடுத்தான். பேணியிலிருந்து ஒரு குண்டை எடுத்துப் பின்பக்கத்தால் அழுத்தினான். பாவாடை குழலில் இறுகிப் பிடித்தது. தடியால் தள்ளினான், அடியிலிருந்து நுனிவரை ஒரே இறுக்கம், வாயில் மட்டும் கொஞ்சம் கூட. இந்தத் தடவை கை சொன்னதைக் கேட்டான்.

"பொருந்துது அண்ணை."

"சுட்டுப் பாத்தாப் பிறகு சொல்லு."

காற்று நிரப்பினார்கள். பழக்கத்துக்கு மூன்று சூட்டுக்கு நதீஷா சம்மதித்தாள். மூன்றாவது சூட்டில் அண்ணை துவக்கின் குறிக்கண்ணாடியில் ஒரு திருகு திருகினார். பிறகு ஐந்து. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் கை மேசையில் கிடந்து துடித்தது. அவர் அதைப் பார்த்துக் காத்திருந்தார், பஸ் பிந்தி வருகிறது என்கிற மாதிரி. எடுத்தார், சுட்டார். நாலு. ஐந்து.

இந்தத் தடவை கடதாசியை எடுத்துவர நதீஷாவே போனாள். திரும்பி வரும்போது நடந்து வரவில்லை, கிட்டத்தட்ட ஓடி வந்தாள். மேசையில் விரித்து, பையிலிருந்து மூடியை எடுத்து வைத்தாள். ஒரு துளையும் தெரியவில்லை. மூடியைக் கொஞ்சம் நகர்த்தியும் ஒன்றும் வெளியே வரவில்லை. கீதன் கத்தினான். மரியோ வெறும் பெட்டியைப் படார் என்று மூடி அதன்மேல் ஏறி உட்கார்ந்தான்.

நதீஷா தகப்பனின் தோளில் முகத்தை வைத்தாள். நிமிர்ந்தபோது குரல் பழையபடி ஆஸ்பத்திரிக் குரலாகிவிட்டது. "துவக்கு உங்களுக்குத்தான் அப்பா. ஆனா என்ர வீட்டுக்க வேண்டாம். பிள்ளையள் இருக்குதுகள். அங்கிள், உங்கட கராஜில பூட்டி வைக்கிற அலுமாரி இருக்குத்தானே? அங்க இருக்கட்டும். ஞாயிறுகளில அப்பாவையும் துவக்கையும் நீங்கதான் கூட்டிக்கொண்டு வந்து கூட்டிக்கொண்டு போகவேணும்."

"உவன்ர வீட்டிலயோ?" என்றார் அண்ணை. "உவன் அதை அரத்தால ராவிக் குட்டையாக்கிப் போடுவான்."

"அப்பா!"

"சரி, சரி. ஆனா பூட்டுறதை நான் பாக்கவேணும்."

அப்படித்தான் அன்று பின்னேரம், நதீஷா அஜக்ஸுக்குத் திரும்ப, அண்ணை துவக்குக்குக் காவலாக றோயின் காரில் ஸ்காபரோவுக்குப் புறப்பட்டார். நானூற்றொன்று நெடுஞ்சாலையில் ஏதோ வேலை நடந்தது. கார்கள் ஊர்ந்தன. அண்ணை சீற்றைப் பின்னால் சாய்த்தார், நடுங்கும் கையை மடியில் போட்டார், ஒரு பாட்டுக் கேட்கத் தயாராகிற ஆளைப் போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்ப சொல்லு. உனக்கு எந்த இடத்தில பிழைச்சது?"

"சொன்னன்தானே அண்ணை."

"எல்லாருக்கும் சொன்னாய். எனக்கெண்டு தனியாச் சொல்லேல்லை. அந்தத் தடி இறுகின இடத்தில இருந்து தொடங்கு. ஒண்டையும் விடாத."

முன்னால் ஒரு கிலோமீற்றருக்குச் சிவப்பு விளக்குகள் நின்றன. றோய் பிரேக்கை மிதித்தான், தொண்டையைச் செருமினான், தொடங்கினான்.